பிறர் வயலில் கழியும் மழைக்காலம்

மலாவி நாட்டின் தென்பகுதிக்கு ஜனவரியில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. மழை பெய்து மண் ஈரமாகக் கிடக்கும். ஆனால் வீட்டை ஒட்டிய துண்டு நிலத்தில் மக்காச்சோளம் வெளிறிப்போய், களைக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நிலத்தில் ஆளைக் காணோம், வீட்டிலும் காணோம். பார்த்தவருக்கு வேறு சாட்சி தேவைப்படுவதில்லை. "மழை இருக்கு, மண் இருக்கு, உழைக்க மனசுதான் இல்லை" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறார்.

அந்த வீட்டுக்காரி எங்கே போனாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் விடியும் முன்பே எழுந்து, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரில் இன்னொருவர் சோளக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் கூலியாகச் சில தட்டு மக்காச்சோளம் கிடைக்கும். அதை இடித்து மாவாக்கி, நம் கேழ்வரகுக் களியைப் போலக் கிண்டி, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கூலி வேலைக்கு அங்கே 'கன்யூ' என்று பெயர். தன் நிலத்தில் களை மண்டுவது அவளுக்கும் தெரியும். அதை நினைத்துக்கொண்டேதான் அடுத்தவர் நிலத்தில் குனிகிறாள்.

சோம்பலுக்குச் சாட்சியாகக் காட்டப்படும் அந்தக் களைக்காடு உண்மையில் அவளுடைய அளவு கடந்த உழைப்பின் தடயம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆப்பிரிக்கக் கிராமத்து வறுமைக்குக் காரணம் அம்மக்களின் குணம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. வியாபாரத்துக்குப் போய் வந்தவர் பச்சையாகச் சொல்வார். தொலைக்காட்சியில் பேசுகிறவர் 'மனநிலை' என்பார். வளர்ச்சித் திட்டம் தீட்டுகிறவர் 'பழக்கவழக்கம்', 'விழிப்புணர்வுக் குறைவு' என்று மெருகேற்றுவார். சொல் எதுவானாலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் ஒருத்திதான்.

கணக்கைப் பார்ப்போம். தென் மலாவியில் மழை ஆண்டுக்கு ஒரே பருவம். நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடிகிறது. ஏப்ரல், மே அறுவடை. ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தில், வாங்கிப்போட உரமில்லாமல் விளைந்தது பன்னிரண்டு மாதத்துக்குக் காணாது. போதாததற்கு, பழைய கடன், பள்ளிச் செலவு, உப்பு, சோப்பு என்று எல்லாச் செலவும் சேர்ந்து அறுவடை முடிந்ததுமே கொஞ்சத்தை விற்க வைக்கும். ஊரே விற்கிற நேரம் ஆதலால் விலை அடிமட்டத்தில் இருக்கும். டிசம்பர் வாக்கில் குதிர் காலி. அதே தானியத்தைத் திரும்ப வாங்கப் போனால் விலை எங்கேயோ ஏறி நிற்கும். அடுத்த அறுவடைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்த நான்கு மாதத்தில்தான் நடவும் முதல் களையும் இரண்டாம் களையும் வருகின்றன. மக்காச்சோளத்துக்கு முளைத்த முதல் சில வாரங்கள்தான் உயிர்நிலை. அப்போது களையெடுக்கத் தவறினால் பிறகு எத்தனை கொத்தினாலும் கதிர் பிடிக்காது. இதை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பசி உச்சத்துக்குப் போவதும் நிலம் ஆளைக் கேட்பதும் ஒரே வாரத்தில். அவள் பசியைப் பார்க்கப் போகிறாள். நிலம் காத்திருந்து கெடுகிறது. விளைச்சல் பாதியாகிறது. அடுத்த டிசம்பரில் குதிர் இன்னும் முன்னதாகவே காலியாகிறது. கைகொடுக்கக் கணவனோ வளர்ந்த பிள்ளைகளோ இல்லாத வீடுகளில் இந்தச் சுழல் இன்னும் இறுக்கமாகச் சுற்றுகிறது. இங்கே குணம் எங்கே வந்தது?

'அப்படியென்றால் அவர்கள் ஏன் முதலிலேயே பின்தங்கினார்கள்?' என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்குப் பதில் தேட நான் ஓர் ஊருக்குப் போகிறேன். பிளான்டயர் நகருக்கு வடகிழக்கே, சிராட்சுலு மாவட்டத்தில் மகோமேரோ. 1861இல் டேவிட் லிவிங்ஸ்டன் துணையோடு ஆங்கிலேயப் பாதிரிகள் வந்து முகாமிட்ட இடம் அது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்ததாகச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுக்குள் அந்த ஊரும் சுற்றுப்புறமும் லிவிங்ஸ்டனின் மருமகன் குடும்பத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டாகிவிட்டன. பரப்பு 1,62,000 ஏக்கர். நியாசாலாந்து என்று அப்போது அழைக்கப்பட்ட இந்த நாட்டின் நிலத்தில் சுமார் 15 சதவீதம் இப்படி ஐரோப்பியர் கைக்குப் போனது. ஷீரே மேட்டுநிலத்தின் வளமான மண்தான் அதில் முதலில் போனது.

நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்களும் மொசாம்பிக் பக்கமிருந்து பிழைப்புத் தேடி வந்த லோம்வே மக்களும் ஒரே நாளில் வாடகைக் குடிகளானார்கள். வாடகை பணமாக அல்ல, உழைப்பாக. அதன் பெயர் தங்காத்தா. உதவி செய்தல் என்ற பொருளில் ஊருக்குள் வழங்கிய ஒரு நல்ல சொல்லை எடுத்து இதற்குச் சூட்டினார்கள். பெயரளவில், வாடகைக்கு ஒரு மாத வேலை. குடிசை வரிக்கு இன்னொரு மாதம். நடைமுறையில் அது நான்கு, ஐந்து மாதம்வரை நீண்டது. கணவன் இல்லாத பெண்களையும் விட்டுவைக்கவில்லை. எந்த மாதங்களில் என்பதுதான் என் கேள்வி. எஸ்டேட்டில் விளைந்தது பருத்தி. பருத்திக்கும் அதே மழை, அதே நடவு, அதே களை. குடியானவன் தன் சோளத்துக்குப் போக வேண்டிய வாரத்தில்தான் எஸ்டேட் கங்காணி வந்து கூப்பிடுவான்.

வரியும் அப்படியே திட்டமிடப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் குடிசை வரியை 6 ஷில்லிங்காக உயர்த்தி, ஐரோப்பியரிடம் ஒரு மாதம் வேலை செய்தவருக்கு மட்டும் அதைப் பாதியாக, 3 ஷில்லிங்காகக் குறைத்தார்கள். வருமானத்துக்காக மட்டும் போட்ட வரியில் இப்படி ஒரு விதி இருக்காது. ஆளைத் தன் நிலத்திலிருந்து கிளப்பப் போட்ட வரி அது.

இதை அந்த மக்கள் வாய் மூடிச் சகித்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இறையியல் படித்துவிட்டு 1900இல் சிராட்சுலுவுக்குத் திரும்பிய ஜான் சிலெம்ப்வே பள்ளிகள் கட்டினார், தேவாலயம் கட்டினார். அவரைப் பின்பற்றியவர்கள் எஸ்டேட் நிலத்தில் எழுப்பிய சிறு தேவாலயங்களை மேலாளர் வில்லியம் ஜெர்விஸ் லிவிங்ஸ்டன் கொளுத்தினார். உலகப் போர் வந்ததும் யாருடைய சண்டைக்கோ ஆப்பிரிக்கர்களைச் சாகக் கூட்டிப்போனார்கள். 1915 ஜனவரி 23 அன்று சிலெம்ப்வேயின் ஆட்கள் எழுந்தார்கள். மேலாளர் கொல்லப்பட்டார். இரண்டு வாரத்துக்குள் சிலெம்ப்வேயையும் சுட்டுக் கொன்றார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழுவே அந்த எஸ்டேட்டில் குடிகளை நடத்திய முறையைக் கண்டித்தது. ஆனாலும் தங்காத்தா சட்டப்படி ஒழிய 1962 ஆயிற்று. இன்று சிலெம்ப்வேயின் முகம் மலாவியின் பணத்தாளில் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பெயரால் விடுமுறை. அவர் எழுந்த மாதம் களையெடுப்பு மாதம் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டு தலைமுறையின் மழைக்காலம் இப்படிப் பிறர் வயலில் கழிந்தது. சேமிப்பு, மாடு, கருவி, உரம் என்று ஒரு குடும்பம் மெல்ல மெல்லச் சேர்க்கிற எதையும் சேர்க்க அந்த ஆண்டுகளில் வழியே இல்லை. ஆண்கள் தெற்கே போனார்கள். ரொடீஷியப் பண்ணைகளுக்கும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கும் ஆள் சேர்த்து அனுப்பிய நாடு நியாசாலாந்து. 1949இல் பிளான்டயர் பக்கம் பஞ்சம் வந்தபோது அதிகம் அடிபட்டவர்கள் வெளியூர் போன கணவனிடமிருந்து காசு வராத பெண்கள். 1974இல் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிவந்த விமானம் விழுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகுதான் அந்த ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. வீட்டுக்கு வந்த காசும் அதோடு நின்றது.

வெள்ளைக்காரன் போய் அறுபது ஆண்டாகிறதே, இன்னும் அவனையே சொல்லிக்கொண்டிருப்பதா என்று கேட்கிறவர்களுக்கு, அடுத்து நடந்ததையும் சொல்கிறேன். 1964இல் விடுதலை வந்தது. ஹேஸ்டிங்ஸ் கமூசு பாண்டா முப்பது ஆண்டு ஆண்டார். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பயிர் புகையிலை. அதிலும் லாபம் மிகுந்த பர்லி ரகத்தைச் சிறு விவசாயி பயிரிடச் சட்டம் தடை விதித்தது. எஸ்டேட் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே பயிரிடலாம். உரிமம் பெற்றவர்கள் ஆட்சிக்கு வேண்டியவர்கள். ஜனாதிபதியின் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனமே பெரும் எஸ்டேட்டுகளை வைத்திருந்தது. 1960களில் வந்த நிலச் சட்டம் ஊர்ப் பொது நிலத்தைக் குத்தகை எஸ்டேட்டாக மாற்ற வழி திறந்தது. ஊருக்குத் திரும்பும் வழி அதில் இல்லை. சிறு விவசாயி தனக்கு அனுமதிக்கப்பட்ட பயிர்களை அட்மார்க் என்ற அரசு வாரியத்திடம்தான் விற்க வேண்டும். 1971இல் அமைக்கப்பட்ட அந்த வாரியம் உலகச் சந்தை விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்துக் கொள்முதல் செய்து, மிச்ச லாபத்தை எஸ்டேட்டுகளிலும் பெரிய நிறுவனங்களிலும் போட்டது. ஏழையிடமிருந்து எடுத்துப் பணக்காரனுக்கு முதல் போட்டுக் கொடுத்த இந்த ஏற்பாட்டை அக்காலத்தில் உலக நிதி நிறுவனங்கள் வளர்ச்சிக்கு நல்ல உதாரணமாகப் பேசின. பர்லி தடை தளரத் தொடங்கியது 1990க்குப் பிறகுதான். தடை நீங்கியதும் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் பர்லி பயிரிட்டார்கள். சட்டம் ஒன்று கதவைத் திறந்த மாத்திரத்தில் அவர்களுடைய 'மனநிலை' மாறிப்போனதா?

ஊழலைப் பற்றி நான் மறுக்க ஒன்றுமில்லை. 2013இல் வெளிப்பட்ட, 'கேஷ்கேட்' என்று நாடே பெயரிட்டுப் பேசிய கொள்ளையில் ஆறே மாதத்தில் 3 கோடி டாலருக்கு மேல் அரசுப் பணம் சூறையாடப்பட்டது. 2002இல் மக்கள் பசியால் செத்தபோது அதற்கு முன்பே அரசின் சேமிப்புக் கிடங்கில் இருந்த தானியத்தை விற்றுத் தீர்த்திருந்தார்கள். கடன் சுமையைக் காட்டி இருப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்கும், மொத்தத்தையும் துடைத்து விற்றவர்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஊழலைக் காரணம் காட்டுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருடியவர்கள் வேறு, பசித்தவர்கள் வேறு. தலைநகரில் நடந்த திருட்டை எடுத்துக் கிராமத்தாளின் குணத்தில் எப்படி எழுத முடியும்?

இனி 'பிள்ளைகளை அளவில்லாமல் பெறுகிறார்கள்' என்ற வாதம். ஜனத்தொகை நெருக்கடி உண்மை. விடுதலையின்போது சுமார் 40 லட்சமாக இருந்த மக்கள் 2018 கணக்கெடுப்பில் 1 கோடியே 75 லட்சம். நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிறது. இதை நான் லேசாகச் சொல்லிக் கடக்கவில்லை, இந்த வாதத்தில்தான் உண்மை அதிகம். ஆனால் 1992இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 6.7 குழந்தை என்றிருந்தது 2015-16இல் 4.4ஆக இறங்கிவிட்டது. அந்தப் பெண்கள் யாரும் வந்து அறிவுரை சொல்லும்வரை காத்திருக்கவில்லை. வழி கிடைத்ததும் இறக்கினார்கள். அதோடு, சோலோ, முலாஞ்சே மாவட்டங்களில் கிராமம் மூச்சுமுட்ட நெருங்கிக் கிடக்க, அதன் எல்லையிலிருந்தே தேயிலைத் தோட்டம் மலைவரை விரிகிறது. நெரிசலைக் கணக்கிடுகிறவர்கள் அந்தப் பச்சையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அறியாமை என்ற குற்றச்சாட்டுக்கு வயது அதிகம். காலனி அதிகாரிகள் ஒரே நிலத்தில் மக்காச்சோளம், பூசணி, அவரை, துவரை என்று கலந்து நடுவதைப் பார்த்து ஒழுங்கற்ற விவசாயம் என்றார்கள். 1940களிலும் 50களிலும் பார் கட்டும் முறையைச் சட்டமாக்கி, கட்டாதவர்களுக்கு அபராதம் போட்டார்கள். 'மலிமித்வே' என்று அந்தக் கெடுபிடியை மக்கள் இன்றும் கசப்போடு சொல்கிறார்கள். இன்று அதே கலப்புப் பயிரை மண்வளம் காக்கும் ஊடுபயிர் முறை என்று ஆராய்ச்சி நிலையங்கள் பரிந்துரைக்கின்றன. துவரை மண்ணுக்குத் தழைச்சத்து தரும் என்று அந்தப் பாட்டிகளுக்கு வேதியியல் மொழியில் தெரியாது. துவரை நின்ற இடத்தில் சோளம் நன்றாக வரும் என்று தெரியும்.

படித்தவர்கள் சொல்லும் இன்னொன்று எனக்கு மிகுந்த கோபம் தருவது. தென் மலாவியில் நிலம் தாய்வழியே மகளுக்குப் போகிறது; கணவன் மனைவியின் ஊருக்கு வருகிறான்; நிலம் தன்னுடையதல்ல என்பதால் அவன் அதில் முதல் போடுவதில்லை; ஆகவே இந்த மரபே வறுமைக்குக் காரணம் என்கிறார்கள். மணமுறிவிலும் கைம்மையிலும் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை மிஞ்சுகிற ஒரே சொத்து அந்த நிலம். ஒரு நூற்றாண்டு அவள் கையிலிருந்து மழைக்காலத்தைப் பறித்தவர்களை விட்டுவிட்டு, பறிபோகாமல் நின்ற ஒன்றைக் குற்றவாளியாக்குவது நியாயமா? ஆண் பெயரில் பட்டா இருக்கும் நாடுகளின் கிராமங்களில் வறுமை ஒழிந்துவிட்டதா?

குணம்தான் காரணம் என்றால், கையில் கொஞ்சம் தானியம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே. ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லை தாண்டினால் ஸாம்பியாவின் கிழக்கே சிப்பாட்டா மாவட்டம். மொழி ஏறக்குறைய ஒன்று, பயிர் ஒன்று, கன்யூவும் ஒன்று. அங்கே சில கிராமங்களில் பசிக்காலம் முற்றும் ஜனவரியில் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்தார்கள். பணமாக அல்லது மூன்று மூட்டை மக்காச்சோளமாக. அறுவடையில் நான்கு மூட்டையாகத் திருப்ப வேண்டும். கடன் தருவதாகச் சொல்லப்பட்டவர்களில் அநேகமாக எல்லாரும் வாங்கினார்கள். முதல் ஆண்டில் வாங்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் கூலிக்குப் போவது குறைந்தது, தங்கள் நிலத்தில் நின்ற நேரம் கூடியது, விளைச்சல் கூடியது. கூலிக்கு ஆள் குறையவே, கடன் வாங்காமல் கூலிக்குப் போனவர்களுக்கும் கூலி உயர்ந்தது. அதே மக்கள், அதே கொத்து, அதே மண். அவர்களுடைய ஜனவரியை அவர்களிடமே திருப்பிக் கொடுத்ததுதான் நடந்த ஒரே மாற்றம்.

மலாவியும் இதைக் கண்டது. 2005இல் விளைச்சல் 12 லட்சம் டன்னாகச் சரிந்து பஞ்சம் வாசலுக்கு வந்தது. கொடையாளர்கள் வேண்டாம் என்று தடுத்தும் பிங்கு வா முத்தாரிக்கா அரசு சிறு விவசாயிகளுக்கு மானிய உரமும் விதையும் கொடுத்தது. அடுத்த அறுவடை, அரசுக் கணக்கின்படி, 26 லட்சம் டன். மழையும் கைகொடுத்தது, கணக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள் என்ற விமர்சனமும் உண்டு. இரண்டையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரே ஆண்டில் வந்த அந்த ஏற்றத்தைச் சோம்பேறிகள் தந்திருக்க முடியாது. பின்னாளில் அத்திட்டம் ஒப்பந்தக்காரர்கள் கையிலும் ஏறிய உர விலையிலும் சிக்கித் தேய்ந்தது. கடலில்லாத நாட்டுக்கு ஒவ்வொரு மூட்டை உரமும் அயல்நாட்டுத் துறைமுகத்திலிருந்து லாரியில் வர வேண்டும். போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் வந்த ஃப்ரெடி புயல் தெற்கில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து. சிராட்சுலு, முலாஞ்சே, பலோம்பே சரிவுகளில் நின்ற சோளம் அறுவடைக்குச் சில வாரமே இருக்கையில் சேற்றோடு இறங்கியது.

கடைசியாக, இவர்களுக்குச் சந்தை புரியாது என்கிறவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது நம் சமையலறையிலிருந்தே தொடங்குகிறது. மகோமேரோ பக்கத்துப் பெண்கள் சோளத்துக்கு இடையில் நடும் துவரைக்கு அங்கே நந்தோலோ என்று பெயர். ஏற்றுமதியாகும் துவரையில் பெரும்பகுதியை வாங்கும் நாடு இந்தியா. 2015இல் நம் ஊரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கும். மழை பொய்த்து நம் வயல்கள் கைவிட்ட அந்த நேரத்தில் நம் சாம்பாருக்கு வந்த பருப்பில் தென்கிழக்கு ஆப்பிரிக்கத் துவரையும் கலந்திருந்தது. விலை ஏறியதை அந்தப் பெண்களும் கேள்விப்பட்டார்கள். 2016 மழையில் நட்டார்கள். நந்தோலோ நீண்டகாலப் பயிர். சோளம் அறுத்த பிறகும் நின்று, ஜூலை, ஆகஸ்டில்தான் காய் முற்றும். 2017 ஆகஸ்ட் 5 அன்று, நம் விவசாயிகளின் விலை சரிந்ததால், துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று இந்திய அரசு உச்சவரம்பு விதித்தது. நம் விவசாயிகளைக் காக்க அப்படிச் செய்தார்கள்; அதில் குறைகாண மாட்டேன். மொசாம்பிக்கோடு முந்தைய ஆண்டே ஒப்பந்தம் இருந்ததால் அதற்கு வரம்பு பொருந்தவில்லை. மலாவிக்கு அப்போது அப்படி ஒன்று இல்லை. ஆண்டுக்கு 50,000 டன் வாங்கும் ஒப்பந்தம் 2021இல்தான் வந்தது.

2017 அறுவடையில் அந்தப் பெண்கள் காயை அடித்துப் புடைத்து மூட்டை கட்டியபோது வாங்க வந்தவர்கள் சொன்ன விலை முந்தைய ஆண்டின் நிழலுக்கும் வரவில்லை. காத்திருந்து விற்கலாம் என்றால் கையில் இருப்பில்லை. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு, நான்கு மாதம் கழித்து மழை பிடித்ததும் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தார்கள்.